ஏரி மீன் முள்

எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். இருபது வருடத்துக்கு மேலாக மதியச் சாப்பாடு என் பொறுப்பு. எந்தப் பிள்ளை முட்டையின் மஞ்சளைக் கால்சட்டைப் பைக்குள் ஒளிக்கிறது, எதற்குப் பல்வலி, எது வீட்டில் அடி வாங்கிவிட்டு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். அப்படிப்பட்ட நான், என் வீட்டுக்காரர் எட்டு மாதமாகச் சோற்றை விழுங்க முடியாமல் தவித்ததைப் பார்க்கவில்லை.

பார்க்க வழியில்லை என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவர் விடியும் முன்னே கடலுக்குப் போவார். மீனை ஏலம் விட்டு வீட்டுக்கு வரும்போது பத்து மணி. நான் மூடி வைத்துவிட்டுப் போனதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருப்பேன். சாயங்காலம் கேட்டால், “வலையாண்ட டீயும் பஜ்ஜியும் துன்னேன், பசிக்கல” என்பார். குழம்பு இல்லாமல் கை நனைக்காத மனுஷனுக்குத் திடீரென்று ரசம் பிடித்துப்போனது. சோற்றைக் கரைத்துக் குடிக்காத குறை. சட்டை தொளதொளவென்று ஆனது. “இன்னாய்யா, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்ட” என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கும்.

அவர் மறைத்ததற்குக் காரணம் பயம் இல்லை, வெட்கம். தொண்டையில் மீன் முள் மாட்டியிருக்கிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் குப்பத்தில் ஒரு ஆம்பளைக்கு முள் மாட்டுவதைப்போல ஒரு மானக்கேடு கிடையாது. பால்குடி மறந்த நாளிலிருந்து மீன் தின்கிறவன் முள்ளை நாக்காலேயே பிரித்து ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். ஒரு கல்யாண விருந்தில் முள் மாட்டி இருமிய ஒருவரை, பதினைந்து வருடம் ஆகியும் “ஏரிக்காரன்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏரி மீன் எங்களுக்கு மீனே இல்லை. சேற்று நாற்றம் அடிக்கும் என்போம். அதைத் தின்கிறவர்களுக்குத்தான் முள் எடுக்கத் தெரியாது என்பது எங்கள் ஆட்களின் முடிந்த முடிவு. அந்தப் பட்டம் தனக்கும் வந்துவிடும் என்று இந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

சோற்றை உருண்டை பிடித்து முழுங்கிப் பார்த்திருக்கிறார். வாழைப்பழத்தை மெல்லாமல் தள்ளிப் பார்த்திருக்கிறார். அதுவும் நிற்க ஆரம்பித்த பிறகு, என்ஜினுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறியிருக்கிறார். அங்கே தொக்கம் எடுக்கிற ஒருவர் இருந்தார். தொண்டையிலோ வயிற்றிலோ எது மாட்டியிருந்தாலும், மேலே துணியைப் போட்டு வாயால் உறிஞ்சி வெளியே எடுத்து, இதோ பார் என்று உள்ளங்கையில் காட்டுவார். இவருக்கும் காட்டினார். ஒரு முள். அதைப் பேப்பரில் மடித்து வாங்கிக்கொண்டு, மனசு லேசாகி வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு இரண்டு இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்தே இறக்கிவிட்டு, “நல்லா பசிக்குதுமே” என்று என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

நாலைந்து நாள் கழித்துத் துணி துவைக்கும்போது அந்தப் பேப்பர் அவர் சட்டைப் பையில் கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை நீளம், நல்ல தடிமன், நுனி கவட்டையாகப் பிரிந்திருந்தது. ஈரக் கையோடு உள்ளே போனேன்.

“இது இன்னாய்யா?”

முழித்தார். “அது ஒண்ணுமில்லமே. தொண்டையில மாட்டிகினு இருந்துச்சி. எடுத்தாச்சி.”

“எப்பத்துலேர்ந்து மாட்டிகினு இருந்துச்சி?”

“பொங்கலாண்ட இருந்து.”

அப்போது ஆவணி முடியப்போகிற சமயம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டு மாதம் ஒரு வீட்டில் படுத்து எழுந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே முள்ளை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மாவோடு கூடை தூக்கி மீன் விற்றவள் நான். முள்ளைப் பார்த்து மீனைச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

“இது ஏரி கெண்டை முள்ளுய்யா. நம்ம வூட்ல எப்ப ஏரி மீனு ஆக்கனோம்? நீ எங்க துன்ன?”

வலை இழுக்கிற கனத்திலேயே உள்ளே என்ன மீன் கிடக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் அவர். அந்த முள்ளை மட்டும் அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. வெளியே வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் மடித்து வைத்துக்கொண்டார். இப்போது வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “நா எங்கயும் துன்னலயே” என்றார், மெதுவாக. அப்படியென்றால் அவருக்குள் மாட்டியிருந்தது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. 

அந்தத் தொக்கக்காரர் மேல் எனக்கு இன்றைக்குக் கோபம் இல்லை. அவர் ஏரிக்கரை ஆள், கைக்குக் கிடைத்தது அந்த முள். யோசித்து வாய்க்குள் ஒரு கடல் மீன் முள்ளை, ஒரு சங்கரா முள்ளை, ஒளித்து வைத்திருந்தால் நானும் நம்பியிருப்பேன். இன்னும் நாலு மாதம் போயிருக்கும். 

எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். போனை அவர் முகத்துக்கு நேரே காட்டச் சொன்னாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “அம்மா, நைனாவ இங்க இட்டுகினு வா. கேமரா வுட்டுப் பாத்துடலாம். அங்க வச்சுகினு இருந்தா ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க” என்றாள். அதற்கு முந்தின வருடம் அவள் பிரசவத்துக்குப் போக எடுத்த பாஸ்போர்ட் இரண்டு பேரிடமும் இருந்தது. வெளிநாட்டு டாக்டர் தொட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் ஒரு நினைப்பு. பேரனைப் பார்க்கப் போகிறோம் என்று குப்பத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

விமானம் கடலுக்கு மேலே திரும்பும்போது அவர் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கல்பாக்கத்துப் புகைபோக்கியைத் தேடினார். கடலில் இருந்து கரைக்குத் திரும்ப அவருக்கு அதுதான் அடையாளம். கண்ணில் படவில்லை. கொடுத்த சாப்பாட்டை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டு ஆரஞ்சுச் சாற்றை மட்டும் ஸ்பூனால் எடுத்து எடுத்துக் குடித்தார். முதல் தடவையாக அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கே பார்த்த டாக்டர் சின்ன வயசுச் சீனர். மகள்தான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொன்னாள். புகை உண்டா என்று கேட்டார். “அதெல்லாம் வுட்டு ரொம்ப நாளாச்சி” என்றார் இவர். “போன வாரம்” என்றேன் நான். மகள் எதைச் சொன்னாளோ தெரியாது, டாக்டர் சிரித்தார். பிறகு, சாப்பாடு எங்கே நிற்கிறது, ஒரு விரலால் காட்டுங்கள் என்று கேட்டார். எட்டு மாதத்தில் இவரிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. இவர் விரலை எடுத்து நடு நெஞ்சில் வைத்தார். டாக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

“நைனா, முள்ளு பெரும்பாலும் அவ்ளோ கீழ போயி நிக்காதாம். மேல தொண்டையிலயே நின்னுடுமாம்” என்றாள் மகள்.

வாய் வழியாகக் கேமரா விட்டார்கள். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் அந்தப் பதினோராவது மாடி வீட்டில் நாங்கள் பேரனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தோம். முடிவு சொன்ன அன்று டாக்டர் நிறையப் பேசினார், மகள் கொஞ்சமாகச் சொன்னாள். உணவுக்குழாயின் கீழ்ப்பாதியில் கட்டி. புற்றுநோய். வேறு எங்கும் பரவினதாகத் தெரியவில்லை. கேன்சர் என்ற வார்த்தையை டாக்டர் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது, அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இவர் டாக்டரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “அப்ப முள்ளு இல்லியா?” என்று கேட்டார். முள்ளாகவே இருந்திருந்தால் ஊரே சிரித்தாலும் பரவாயில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அடுத்து டாக்டர் சொன்னதை மகள் சொன்னாள்: “ஊருக்கே இட்டுகினு போவச் சொல்றாரும்மா.”

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் எழுந்து வெளியே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். கடலைத் தாண்டி வந்தும் கையை விரித்துவிட்டார்களே என்று ஆத்திரம். மகள் ஓடி வந்து என்னை உலுக்கினாள். “முழுசா கேளும்மா. அதுக்கு இல்ல. கீமோ, ரேடியேஷன் கரண்டு ரெண்டும் அஞ்சு வாரம் குடுக்கணும். அப்பறம் உடம்பு தேறணும். அப்பறம்தான் ஆபரேஷன். மாசக்கணக்குல ஆவும். அவ்ளோ நாளு உங்கள இங்க தங்க வுட மாட்டாங்க. மெட்ராஸ்லயே இத தெனமும் செய்யறவங்க கீறாங்களாம். அதுல ஒருத்தரு இவருக்குத் தெரிஞ்சவராம். லெட்டர் குடுக்கறாரு.”

மறுபடி உள்ளே போனேன். டாக்டர் ஒரு தாளில் குழாயை வரைந்தார், கட்டியை வரைந்தார், அதை வெட்டி எடுத்துவிட்டு வயிற்றை மேலே இழுத்து ஒட்டுவதையும் வரைந்தார். கடைசியாக என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். “மத்த நாட்டுக்காரங்களே அங்க போறாங்களாம்மா, நீங்க இங்க வந்துட்டீங்கன்றாரு” என்றாள் மகள். எனக்கு அது ஒப்புக்குச் சொல்கிற ஆறுதலாகத்தான் பட்டது.

இல்லை என்று சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே தெரிந்தது. எங்கள் குப்பத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நாவலூர் கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவழிகிற பஸ்ஸில் இவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்து அழைத்துக்கொண்டு போனேன். அங்கே காத்திருக்கிற கூடத்தில் பாதிப் பேர் வேறு நாட்டுக்காரர்கள். நீள அங்கி போட்ட ஓமான்காரர்கள், ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு அப்பாவும் மகளும், வரிசையாக வங்காளதேசத்துக்காரர்கள். வீட்டுக்கு எதிரில் இருக்கிற கிணற்றை விட்டுவிட்டு எங்கேயோ தண்ணீருக்குப் போய்வந்த மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சும் ஒழுங்காக வந்தது. இத்தனை பேர் தேடி வருகிற இடம் என்றால் சும்மா இருக்காது.

பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளதேசத்து அம்மா, என் வயசுதான் இருக்கும். அவள் வீட்டுக்காரருக்கும் இதே நோய். அவள் போனில் பேசினால் அது தமிழில் இயந்திரக் குரலில் திருப்பிச் சொல்லும். எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறீர்கள் என்று போன் என்னைக் கேட்டது. ஒன்றரை மணி நேரம், பஸ்ஸில் என்றேன். அவள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் வந்துசேர இரண்டு நாள் ஆகியிருந்தது. ஐந்து வாரமும் ஆம்பளைகள் இரண்டு பேரும் உள்ளே கரண்டு வைத்துக்கொள்ள, நாங்கள் இருவரும் வெளியே அந்தப் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர்கள் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள். கடல் மீன் சாப்பிடுவோம் என்று நான் சொன்னதும் மூக்கைச் சுளித்தாள். கடல் மீன் நாறும் என்று போன் தமிழில் சொன்னது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் வாடகை அறையில் சமைத்ததை ஒரு டப்பாவில் கொண்டுவந்து நீட்டினாள். கடுகு அரைத்து ஊற்றிய கெண்டை. மரியாதைக்கு ஒரு வாய் வைத்தேன். சேற்று நாற்றம் எங்கே என்று தேடினேன், இல்லை. டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

சிகிச்சை லேசானது இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து எச்சில் முழுங்கினாலே நெருப்பாக எரிகிறது என்றார். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஒரு நாள் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துகொண்டு, “வுட்டுடுமே, என்னால ஆவாது” என்றார். “எட்டு மாசம் ஊமையா இருந்தியே, இன்னும் எட்டு நாளு இருய்யா” என்று சத்தம் போட்டுத்தான் ஏற்றினேன். நான் கத்தவில்லை என்றால் அவர் பயந்திருப்பார். ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே போனவர் சாயங்காலம் வரைக்கும் வெளியே வரவில்லை. அந்த அம்மா என் கையை விடவே இல்லை. இரண்டு நாள் முன்னால்தான் அவள் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். வெட்டி எடுத்ததன் ஓரங்களில் நோய் எதுவும் இல்லை என்று பிறகு ரிப்போர்ட்டும் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்தார்கள். அப்புறம்தான் நம்பினேன்.

அந்த வங்காளதேசத்துக்காரர்கள் ஊர் திரும்பி ஒன்றரை வருடமாகிறது. தன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், தோட்டத்தில் மண் கொத்துகிறார் என்று அந்த அம்மா படம் அனுப்புவாள். எங்கள் ஆள் இப்போது ஆறு வேளை சாப்பிடுகிறார், வேளைக்கு ஒரு கை அளவு. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் பாத்திரத்தைக் கவிழ்த்ததும் ஓடி வந்து அவர் இரண்டு மணிச் சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு வாயையும் பார்ப்பேன். “பள்ளிக்கூடத்துப் பசங்கள பாக்கற மாதிரி பாக்காதமே” என்பார். பார்க்கத்தான் செய்வேன்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தோம். சுத்தம் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் வழியில் பஸ் மாறும்போது ஒரு கெண்டை மீன் வாங்கிவந்தேன். கடுகு அரைத்து, அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடி வைத்தேன். எங்கள் தெருவில் ஏரி மீன் வாசனை வந்ததும், இன்னாக்கா இது அநியாயம் என்று ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவருக்கு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கி முள் எடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டார், நல்லாத்தான் கீது என்றார். ஐந்தாவது வாயில் நின்றுவிட்டார்.

கை தட்டில் அப்படியே இருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. சுத்தம் என்றார்களே, சுத்தம் என்றார்களே என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

“எங்கய்யா? எங்க நிக்குது, காட்டு!”

அவர் விரலைத் தூக்கினார். நெஞ்சுக்குப் போகிறதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். விரல் நெஞ்சைத் தாண்டி மேலே போய், தாடைக்குக் கீழே தொண்டையில் குத்தி நின்றது.

“இங்கமே. முள்ளு.”

என் கை தப்பிய ஒரு முள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்து வாசலுக்குப் போய், எதிரில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கரகரத்த குரலில் கத்தினார்: “டேய், எனக்கு முள்ளு மாட்டிகிச்சிடா! ஏரி மீனு முள்ளுடா!” அந்த ‘ஏரிக்காரன்’ அண்ணன்தான் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் பறந்தார்.

அங்கே இருந்த டாக்டர் பெண் அவர் ஆபரேஷன் கதையைக் கேட்டுவிட்டு, நாக்கை அழுத்தி, லைட் அடித்துப் பொறுமையாகப் பார்த்தாள். தொண்டை ஓரத்தில் குத்தியிருந்ததைக் குறட்டால் பிடித்து எடுத்து, துண்டுப் பஞ்சில் வைத்துக் காட்டினாள். நுனி கவட்டையாகப் பிரிந்த கெண்டை முள். அவர் இந்தத் தடவை அதை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முள்ளுதான்மே. வெறும் முள்ளு” என்றார். அவர் குரல் உடைந்தது. நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு மீன் முள்ளுக்குப் போய் இவ்வளவு வயசானவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஒன்றும் இல்லைம்மா, இனிமேல் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வெளியே இருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.